சப்டைட்டில் படிக்க இயலாத அம்மாவுக்கு உலகப் படம் காட்டும் முறை

தாயையும் குடும்பத்தையும் பற்றி உலகம் எடுத்த மிகச் சிறந்த படங்களை நம் ஊர்த் தாய்மார்கள் பார்த்ததில்லை. திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடும் வரிகளைப் படிக்க இயலாது என்பதாலேயே அவை தங்களுக்கு உரியவை அல்ல என்று அவர்களும் ஒதுங்கிக்கொள்கிறார்கள், நாமும் விட்டுவிடுகிறோம். இந்தக் குறையைப் போக்கக் கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில், வீட்டு மாடியில் அம்மாவையும் அக்கம்பக்கத்து அத்தைகளையும் உட்காரவைத்து நாங்கள் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலம் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் திறந்துவிட்டால் நாற்று, நடவு, களை என்று பெண்களுக்கு இரவிலும் உடல் அசதி தீராது. சம்பா அறுவடைக்குச் சற்று முன் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்த சித்திரை மாதமே ஏற்றது. வெள்ளை வேட்டி ஒன்றும் வாடகைப் புரொஜெக்டரும் போதும். தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் அவைகூட வேண்டாம்.

முதல் படமாக 1959இல் கிரிகோரி சுக்ராய் இயக்கிய 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' என்ற ரஷ்யப் படத்தையே நான் பரிந்துரைப்பேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கதையும் எளியது. போர்முனையில் இரண்டு டாங்கிகளை வீழ்த்திய இளைஞன், தனக்கு வரும் பதக்கத்துக்குப் பதிலாக, அம்மாவைப் பார்த்து வீட்டுக் கூரையைச் சரிசெய்துவர விடுப்புக் கேட்கிறான். ஆறு நாள் கிடைக்கிறது; வழியெல்லாம் பிறருக்கு உதவியே அந்த நாள்கள் கரைந்துபோக, வயலிலிருந்து ஓடிவரும் தாயோடு அவனுக்குச் சில நிமிடங்களே வாய்க்கின்றன. கீற்றுக் கூரையை மழைக்கு முன் மாற்றத் தவித்தவர்களுக்கும், பிள்ளையைச் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

கதை சொல்வதுதான் இதில் கடினமான வேலை. மௌனப்பட காலத்தில் திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லிவந்தார். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த தஞ்சைத் தரணிக்கு அந்த முறை அந்நியமானதன்று. படத்தை முன்கூட்டியே இரண்டு முறை பார்த்து, எங்கே பேச வேண்டும், எங்கே வாய் திறக்கக்கூடாது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்க்க முயன்றால் படமும் போய்விடும், கதையும் போய்விடும். அயல்நாட்டுப் பெயர்களுக்குப் பதில் உறவுமுறையைச் சொல்லுங்கள். யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தில், பட்டணத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் முதிய பெற்றோரை, பெற்ற மக்களைவிட அன்பாகக் கவனிப்பவள் போரில் மகனை இழந்த வீட்டின் மருமகள். 'மூத்த மகன்', 'மகள்', 'கைம்பெண் மருமகள்' என்று சொன்னால் போதும், எங்கள் அத்தைகள் மீதியைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். இரண்டேகால் மணி நேரப் படம் என்பதால் இதை இரண்டு இரவுகளாகப் பிரித்துக் காட்டுங்கள்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில், மகள் இறந்ததை அறியாமல் ஊர் திரும்பும் தந்தை அவளுக்கென்று வாங்கிய சேலையை எடுத்துத் தருகிறார். அதைக் கையில் பெற்றுக்கொண்ட தாய் கதறும்போது அவள் குரல் கேட்பதில்லை. தார் ஷெனாய் என்ற நரம்பிசைக் கருவியின் ஒலிதான் எழுகிறது. அந்த இடத்தில் ஒரு சொல்லும் பேசாதீர்கள்.

படம் முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். படத்தை மட்டும் ஒரு வாரம் கையில் வைத்திருங்கள். ரஷ்யப் படம் பார்த்த மறுநாள் காலை, உளுந்து புடைத்துக்கொண்டே அம்மா கேட்டார்: "அந்தப் பையன் வீட்டுக் கூரைய அப்புறம் யாருப்பா மாத்திக் குடுத்தது?" அன்று இரவு கடைசிப் பத்து நிமிடங்களை அவருக்காக மீண்டும் ஓட்டினேன்.