லத்தீன் பாட்டுச் சுவடியைப் படிப்பது எப்படி? (தங்கத்தைப் பார்த்து மயங்காமல்)

இத்தாலியில் சியன்னா பேராலயத்துப் பிக்கலோமினி நூலகத்தில் 15ஆம் நூற்றாண்டுப் பாடற்சுவடிகள் இருக்கின்றன. அவற்றின் படங்களை முதலில் பார்த்தபோது, தங்க ரேக்கு ஒட்டிய முதலெழுத்துகளிலேயே என் கண் நின்றுவிட்டது. பாட்டு இருந்தது அதற்குப் பக்கத்தில்.

1. இடது ஓரத்தைப் பாருங்கள். கோடுகள் பெரும்பாலும் நான்குதான். சி போன்ற குறி எந்தக் கோட்டைப் பிடித்திருக்கிறதோ, அதுதான் 'தோ' என்ற ஸ்வரம். எஃப் குறி என்றால் 'ஃபா', அதாவது நம் ம. 'தோ' நம் ச போலத்தான், சுருதி உங்கள் வசதி. குறி பாட்டின் நடுவிலேயே வேறு கோட்டுக்கு மாறலாம், கவனம். பழைய சுவடிகள் சிலவற்றில் ஃபா கோடு சிவப்பு, தோ கோடு மஞ்சள். 11ஆம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ ஊர்த் துறவி குவிதோ சொல்லிக்கொடுத்த வழி.

2. ஒரு சதுரம் ஒரு ஸ்வரம்; இரண்டு சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் கீழே இருப்பதை முதலில் பாடவேண்டும்.

3. சாய்ந்த பட்டை. நான் வாரக்கணக்கில் தடுமாறியது இங்கேதான். தடித்த பட்டை ஒன்று மேலிருந்து கீழே சரியும், அதன் முடிவில் மேலே ஒரு சதுரம் நிற்கும். பெயர் பொர்ரெக்டஸ். சரிவு முழுவதையும் கமகம் போல இழுத்துப் பாடினேன். தப்பு! பட்டையின் தொடக்கம் ஒரு ஸ்வரம், முடிவு ஒரு ஸ்வரம், அவ்வளவுதான். பேனாவை எடுக்காமல் எழுதியதால் வந்த சரிவு அது. மேல் சதுரத்தோடு சேர்த்து மொத்தம் மூன்று.

4. வரி முடிவில் மெலிந்த குட்டிக் குறி இருந்தால் பாடாதீர்கள். அடுத்த வரி எந்த ஸ்வரத்தில் தொடங்கும் என்று காட்டும் கஸ்டோஸ் அது.

பழகுவதற்கு, கிறிஸ்துமஸ் பகல் பூசையின் 'பூயேர் நாத்துஸ் எஸ்ட்' பாட்டை எடுங்கள். முதல் தாவலே ச-விலிருந்து ப-வுக்குப் போகும் தூரம். பக்கத்தில் பிரான்ஸின் சொலெம் மடத்து அச்சுப் பதிப்பு இருக்கட்டும். கைபேசித் திரை வேண்டாம். தாளில் அச்செடுத்துப் பென்சிலால் ஸ்வரம் எழுதுவதுதான் எனக்குச் சரிவருகிறது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடத்து நூலகத்தில் 359 என்ற எண்ணுள்ள சுவடி போன்ற 10ஆம் நூற்றாண்டுச் சுவடிகளை இப்போது தொடாதீர்கள், அவற்றில் கோடே கிடையாது.

பின்சேர்க்கை: இந்தச் சுவடிகளில் வரும், அகராதியில் இல்லாத 'எ உ ஓ உ ஆ எ' என்ன சொல் என்று இருவர் கேட்டிருந்தார்கள். சொல்லே இல்லை. சங்கீதம் (விவிலியத் துதிப்பாடல்) பாடி முடிக்கும்போது கடைசியில் வரும் 'ஸெகுலோரும் ஆமென்' என்பதன் உயிரெழுத்துகள் மட்டும். அந்தச் சங்கீதத்தை எந்த மெட்டில் முடிக்கவேண்டும் என்பது அவற்றின் மேலுள்ள ஸ்வரங்களில் இருக்கிறது.