கொத்தமல்லி சீக்கிரம் வாடாமல் இருக்க

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் கொத்தமல்லிக் கட்டைக்கூடப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டியதாயிற்று. கடைக்குப் போவதைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இந்த முறை நன்றாகவே கைகொடுக்கும்.

வாங்கி வந்ததும் கழுவாதீர்கள். கட்டைப் பிரித்து, மஞ்சளான இலைகளையும் அழுகின காம்புகளையும் பொறுக்கிப் போடுங்கள். ஓர் அழுகல் இலை போதும், பக்கத்தில் இருப்பதெல்லாம் கொழகொழத்துவிடும். வேரை நறுக்கிவிட்டு, செய்தித்தாளில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஈரம் போக உலரவிடுங்கள். அப்புறம் எவர்சில்வர் டப்பாவில் பருத்தித் துணி விரித்து அடுக்கி, மேலேயும் ஒரு துணி போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்ற வேண்டும், இதுதான் முக்கியம். கறிவேப்பிலையை உருவிவிட்டு இதேபோல வைக்கலாம். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளினால் போதும். புதினா சீக்கிரம் கறுக்கும், அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

கிருமி பயத்தில் காய்கறியைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம். சோப்பு காயிலேயே தங்கி வயிற்றைக் கெடுக்கும். சமைக்கும் முன் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினாலே போதும். அதற்கு முன்னும் பின்னும் உங்கள் கைக்குத்தான் சோப்பு தேவை. நறுக்கிய வேரை மண் போகக் கழுவி, தட்டி ரசத்தில் போடுங்கள், வாசனை அருமையாக இருக்கும்.