சீசன் முடிந்த மலைக்காட்டில் ஆர்வி வண்டியோடு தங்குவது எப்படி

ஆர்வி என்பது படுக்கை, சமையல், குளியல் வசதியோடு வீடுபோல் தங்கக்கூடிய வண்டி. சீசன் முடிந்ததும் அது தங்கும் மலைக்காட்டு முகாம்களில் முதலில் மூடுவது தண்ணீரைத்தான். உறைந்து வெடிக்காமல் இருக்கக் குழாய்களை வடித்துவிடுவார்கள். குளியலறையும் கழிவு இறக்கும் இடமும் பெரும்பாலும் கூடவே பூட்டப்படும். "முகாம் திறந்துதான் இருக்கிறது" என்ற பதிலை நம்பிக் கிளம்ப வேண்டாம். தண்ணீர், கரண்ட், கழிவுத்தொட்டி காலி செய்யும் இடம், பனி விழுந்தால் சாலை நிலை என ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். வானிலைக் கணிப்பு அடிவார ஊருக்கானதாக இருந்தால், ஏறும் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். கீழே 8 டிகிரி என்றால், 1500 மீட்டர் மேலே உறைபனிதான்.

கூட்டம் இல்லாததால் இடத்தைப் பார்த்துப் பொறுக்கலாம். ஓடைக்கரை அழகாக இருக்கும்; ஆனால் குளிர்ந்த காற்று இரவில் இறங்கித் தேங்குவது அங்கேதான். கொஞ்சம் மேடான, கிழக்கே மரங்கள் விலகிய இடமாகப் பாருங்கள். தலைக்கு மேல் பட்ட கிளை இருந்தால் அந்த இடமே வேண்டாம். ஜாக்குகளுக்கு அடியில் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் ஈர மண்ணோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். நனைந்த பிரேக்கும் அப்படித்தான். ஹேண்ட் பிரேக் போடாமல் சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுப்பது நல்லது.

குளிர்கால முகாமில் பலர் காஸ் தீர்ந்துவிடுமோ என்று பயந்து கூடுதல் சிலிண்டர் கொண்டுவருகிறார்கள். பல சமயம் முந்திக் கைவிடுவது பேட்டரிதான். கணக்குப் போட்டால் புரியும். 30,000 பிடியு (ஒரு மணி நேரத்தில் தரும் வெப்பத்தின் அளவு) ஹீட்டர் இடைவிடாமல் எரிந்தால், 9 கிலோ புரொப்பேன் ஏறக்குறைய 14 மணி நேரம் வரும். பாதி நேரமே எரிந்தால் ஒரு நாளைத் தாண்டும். அதே ஹீட்டரின் மின்விசிறி 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 12 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 48 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் கெடுதலின்றி எடுக்கக்கூடியது பாதிதான், குளிரில் அதுவும் குறையும். விளக்கு, பம்ப் சேர்ந்தால் விடியும் முன்பே ஹீட்டர் நின்றுவிடும்.

லித்தியம் பேட்டரியில் வேறு சிக்கல். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகப் பழுதாகும். அதைத் தடுக்கும் சர்க்யூட் உள்ள பேட்டரி சார்ஜையே ஏற்காது. வெயில் அடித்தும் சோலார் ஏறவில்லையே என்று குழம்புவோர் முதலில் பேட்டரியின் சூட்டைப் பார்க்க வேண்டும். வெளிப்பெட்டியில் இருக்கும் பேட்டரியை முறையான வயரிங்கோடு உள்ளே மாற்றுவது நிலையான தீர்வு.

சிலிண்டரில் தூய புரொப்பேன் இருக்கட்டும். அது மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே மந்தமாகிவிடும். சமையல் அடுப்பை மூட்டிக் குளிர்காயவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஒரு பக்கம், ஈரம் இன்னொரு பக்கம்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தினமும் பட்டனை அழுத்திச் சோதியுங்கள். கூரை வென்ட்டை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள். சூடு கொஞ்சம் போனாலும் மெத்தைக்கு அடியில் ஈரம் கோக்காது.

தண்ணீரைக் கிளம்பும்போதே உள் தொட்டியில் நிரப்பிவிடுங்கள். முகாம் குழாயோடு தண்ணீர் ஹோஸை இரவில் இணைத்து வைக்காதீர்கள். சிங்குக்குக் கீழுள்ள கதவைத் திறந்து வைத்தால் சூடு குழாய்களை எட்டும். கழிவுநீர் வால்வு மூடியே இருக்கட்டும். திறந்திருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் கழிவு ஹோஸுக்குள் உறைந்து அடைத்துவிடும். வடிகாலில் ஒன்றிரண்டு லிட்டர் புரொப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸ் (நீர் உறையாமல் தடுக்கும் திரவம்) ஊற்றலாம். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதைத் தொடவே வேண்டாம்.

கிளம்பும் நாளில் ஸ்லைடுகளின் (இடம் கூட்ட வண்டியிலிருந்து வெளியே நீளும் அறைப்பகுதிகள்) மேலுள்ள பனியையும் ஐஸையும் பெருக்கித் தள்ளிவிட்டே உள்ளே இழுங்கள். அப்படியே இழுத்தால் ரப்பர் சீல் கிழியும், மோட்டாரும் திணறும்.