மறதி நோயுள்ள முதியவரை லயன் வீட்டில் பராமரித்தல்

தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயன்களில் வாழும், ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கடந்த அப்பாயி, விடியுமுன் கூடையைத் தேடி, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு, நேரமாகிவிட்டதென்று கிளம்பினால், அதை வயதின் இயல்பென்றோ செய்வினையென்றோ ஒதுக்காதீர்கள். மூளையைப் பாதிக்கும் நோயொன்றின் அறிகுறியாக அது இருக்கலாம். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால், முதலில் அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். மறதி எப்போது தொடங்கியது, எவ்வாறு மாறியது என்பதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவது வைத்தியருக்குப் பெரிதும் உதவும்.

வேலை எப்போதோ முடிந்துவிட்டதென்று அவரிடம் வாதிடுவது அச்சத்தையே கூட்டும். அருகில் அமர்ந்து, சூடான பிளேன்டீ கொடுத்து, எந்த மலையில் கொழுந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அண்மைய நினைவுகளைவிடப் பழையவை பெரும்பாலும் நெடுநாள் நிலைப்பதால், பேச்சு விரியும்போது பதற்றமும் தணியக்கூடும். செங்குத்தான படிகளும் திறந்த வடிகான்களும் பனிமூட்டமும் உள்ள இடத்தில் தனியே அலைவது ஆபத்தானது. ஆகவே நோயை மறைக்காமல் அயல் வீட்டாரிடம் சொல்லி, பெயர், தோட்டம், தொலைபேசி இலக்கம் எழுதிய துணியை அவருடைய உடையின் உட்புறத்தில் தைத்துவிடுங்கள்.

பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வரும் மருமகள் மீதே இந்தச் சுமை முழுவதும் விழுவது நியாயமன்று. வாரத்தில் ஒரு நாளேனும் மற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும். மனம் தாங்காத வேளையில் 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.