பெயரில் தொடங்காதீர்கள், நிமிடத்தில் தொடங்குங்கள்: கூடைப்பந்து அணியின் ஆள்பலத்தையும் ட்ரேடையும் வாதிடும் முறை

கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பார்க்கிறவர்களுக்கு நாள் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணிக்கு வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய், மாலையில் பேக்கரியில் தேநீரோடு கூடும்போது ட்ரேட் பற்றி, அதாவது அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வது பற்றி, நடக்கிற வாதம் பெரும்பாலும் "இவரை வாங்கணும், அவரை அனுப்பணும்" என்று பெயர்களிலேயே தொடங்கிப் பெயர்களிலேயே முடிந்துவிடுகிறது. பெயர் கடைசியில் வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் வர வேண்டியது நிமிடக் கணக்கு.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம்; களத்தில் ஐவர்; ஆக, பயிற்சியாளர் ஓர் ஆட்டத்தில் பங்கிட வேண்டியது 240 நிமிடம். அணியில் 15 முழு ஒப்பந்த வீரர்களும், துணை அணிக்கும் முதன்மை அணிக்கும் இடையே சென்றுவரும் இருவழி ஒப்பந்தத்தில் மூவரும் இருக்கலாம். ஆனால் அந்த மூவரும் பருவ இறுதியில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் இறங்க முடியாது. எனவே அவர்களை அணியின் ஆழமாக, அதாவது முதல் ஐவருக்குப் பின் நம்பி இறக்கக்கூடிய ஆள்பலமாக, எண்ணி வாதிடக் கூடாது. முதல் ஐவருக்குத் தலைக்கு 36 நிமிடம் கொடுத்தால் 180 போய்விடும். மீதி 60 நிமிடத்தைத்தான் மூவரோ நால்வரோ பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்படிப் பகிர்பவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் பந்தைக் கொண்டுபோகத் தெரிந்தவர்கள், எத்தனை பேர் உயரமான எதிராளியைத் தடுக்கக் கூடியவர்கள் என்று எழுதிப் பாருங்கள். புதிதாக ஒருவரைக் கேட்கிறவரிடம், "ஏனுங்கண்ணா, அவரு வந்தா யாரோட நிமிஷத்தைக் குறைப்பீங்க?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் வாதம் தானாகவே நேர்வழிக்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு 2025 பிளேஆஃபில் லேக்கர்ஸ் அணிக்கு நேர்ந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த பிப்ரவரியில் அவர்கள் அந்தோனி டேவிஸை டல்லாஸுக்கு அனுப்பி லூகா டான்சிச்சைப் பெற்றார்கள். ஒரு பெரிய நட்சத்திரம் வந்தார். ஆனால் கூடைக்கு அடியில் நின்று காத்த உயர வீரர் போய்விட்டார். அந்தக் குறையை நிரப்பச் சார்லட் அணியின் மார்க் வில்லியம்ஸைப் பெற உடன்பாடு செய்தார்கள். உடற்பரிசோதனையில் அவர் தேறாததால் அந்த ட்ரேட் ரத்தானது, அதற்குள் ட்ரேட் கெடுவும் முடிந்திருந்தது. பிறகு மினசோட்டாவுக்கு எதிரான முதல் சுற்றின் நான்காம் ஆட்டத்தில் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும், அதாவது 24 நிமிடமும், ஒருவரைக்கூட மாற்றாமல் அதே ஐவரையே ஆட வைத்தார். அவர்களில் லெப்ரான் ஜேம்ஸுக்கு வயது 40. நான்காம் கால்பகுதி தொடங்கும்போது பத்துப் புள்ளி முன்னிலையில் இருந்த அணி 113–116 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் மினசோட்டா 47 மூன்று புள்ளி எறிதல்களில் ஏழை மட்டுமே கூடையில் போட்டும் வென்றது. ஏனெனில் அதன் உயர வீரர் ரூடி கோபேர் 27 புள்ளிகளும் 24 ரீபவுண்டுகளும் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார், அவரைத் தடுக்கத் தகுந்த உயர வீரர் லேக்கர்ஸிடம் இல்லை. டான்சிச்சைப் பெற்றது தவறு என்று இதற்குப் பொருளல்ல. இன்றும் அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு ட்ரேடை மதிப்பிடும்போது, வந்தவரின் பெயருக்கு எதிரே போனவர் விட்டுச்சென்ற இடத்தையும் எழுத வேண்டும்.

ஆழம் என்றால் எண்ணிக்கை அல்ல, வகை. ஒரே மாதிரி எறிகிற ஐந்து பேர் பெஞ்சில் இருந்தாலும் அது ஒருவரின் ஆழமே. 2024 ஜூனில் ஓக்லஹோமா சிட்டி, ஜாஷ் கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவைப் பெற்றது. நேருக்கு நேர், ஒருவருக்கு ஒருவர். புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால் அதன் நியாயம் புரியாது. 2025 இரண்டாம் சுற்றின் ஏழாம் ஆட்டத்தில், தன்னைவிடப் பல அங்குலம் உயரமான டென்வர் வீரர் நிக்கோலா யோக்கிச்சைக் கரூசோ எதிர்கொண்டபோது புரிந்தது. அந்த ஆட்டத்தை 125–93 என்று வென்ற ஓக்லஹோமா அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றது. உங்கள் தாளில் ஒவ்வொரு பெஞ்ச் வீரரின் பெயருக்கு அருகிலும் "எந்த எதிராளிக்காக இவர்?" என்று ஒரு சொற்றொடராவது எழுதுங்கள். எழுத முடியாதவரை ஆழம் என்று சொல்லாதீர்கள்.

இனி ட்ரேட். இங்கேதான் நம் ஊர் ரசிகர்கள் அதிகம் இடறுகிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. கோவையில் நடக்கும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை அகில இந்தியப் போட்டியில் நாம் பார்த்து வளர்ந்தது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியக் கடற்படை போன்ற நிறுவன அணிகளை. அங்கே வீரர் அந்த நிறுவனத்தின் ஊழியர், அவரை இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளும் வழக்கமே இல்லை. மறுபுறம், ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய மனம், பணம் இருந்தால் யாரையும் எடுக்கலாம் என்று நம்புகிறது. என்.பி.ஏ. இரண்டும் அல்ல. அங்கே ஒரு வீரரின் ஒப்பந்தத்தைப் பெற, பெரும்பாலும் அதற்கு நெருங்கிய சம்பளமுள்ள ஒப்பந்தங்களை அனுப்ப வேண்டும்.

எனவே தாளின் பின்பக்கத்தில் சம்பளத்தை எழுதுங்கள். 2025–26 பருவத்துக்கு அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு (விதிவிலக்குகளோடு தாண்டக்கூடியது) சுமார் 15.46 கோடி டாலர். மேலும் செலவிடும் அணி கட்ட வேண்டிய ஆடம்பர வரி தொடங்கும் இடம் சுமார் 18.79 கோடி, இரண்டாம் ஏப்ரன் எனப்படும் கோடு சுமார் 20.78 கோடி. அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டிய அணி இரண்டு சிறிய சம்பளங்களைச் சேர்த்து ஒரு பெரிய வீரரைப் பெற முடியாது. அனுப்புவதைவிட அதிகச் சம்பளத்தை ஏற்க முடியாது. ட்ரேடில் ரொக்கமும் கொடுக்க முடியாது. 2024 பட்டத்தை வென்ற பாஸ்டன், மறு ஆண்டுக் கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸையும் அனுப்பியதற்கு இந்தக் கோட்டின் அழுத்தம் பெரிய காரணம். "மூணு பெஞ்ச் பசங்களைக் குடுத்து ஒரு ஸ்டாரை எடுத்துடலாம்ங்க" என்று யாராவது சொன்னால், அணி எந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் தேர்வுரிமைகளையும் விருப்பம்போல் அள்ளிக் கொடுக்க முடியாது: எண்பதுகளின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் வரிசையாக விற்றுத் தீர்த்ததன் விளைவாக வந்த விதிப்படி, அடுத்தடுத்த இரு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றுமே இல்லாத நிலைக்கு ஓர் அணி போகக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் எதிர் அணி ஏன் சம்மதிக்க வேண்டும் என்பதற்கு விடை வேண்டும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவருக்கு, எதிரே நிற்பவருக்கு என்ன தேவை என்பது தெரிந்திருக்கும். ட்ரேட் பேசுகிறவருக்கும் அது தெரிய வேண்டும். 2022 பிப்ரவரியில் சாக்ரமென்டோ, டைரீஸ் ஹாலிபர்ட்டனை இண்டியானாவுக்கு அனுப்பி டொமாண்டாஸ் சபோனிஸைப் பெற்றது. 2006க்குப் பின் பிளேஆஃபையே பாராத சாக்ரமென்டோ 2023இல் அதை எட்டியது. இண்டியானா 2025இல் இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டம்வரை போனது. இரு பக்கத்துக்கும் தேவை வேறுவேறாக இருந்தபோது இருவருமே பெற்றார்கள். ஆகவே உங்கள் யோசனையை எதிர் அணி ரசிகரின் இடத்தில் அமர்ந்து ஒருமுறை வாதிட்டுப் பாருங்கள். அதை உங்களால் மனதார ஆதரிக்க முடியவில்லை என்றால் யோசனையை மாற்றுங்கள். மூத்தவர் ஒருவர் தன் பிரிய வீரரை விடமாட்டேன் என்று நிற்கும்போது அவரை மறுக்காமல், "நீங்களே சொல்லுங்கண்ணா, அவருக்குப் பதிலா யாரைக் குடுத்தா அவுங்க ஒத்துக்குவாங்க?" என்று கேட்பது மரியாதையும் பயனும் உள்ள வழி.

நாட்காட்டியையும் மறக்க வேண்டாம். கோடையில் ஒப்பந்தமான வீரர்களில் பலரை டிசம்பர் 15க்கு முன் ட்ரேட் செய்ய முடியாது. நவம்பரில் அவர்கள் பெயரை இழுப்பது வீண். பிப்ரவரிக் கெடு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி வியாழக்கிழமை மாலை மூன்று மணி என்றால், நமக்கு அது வெள்ளிக்கிழமை அதிகாலை ஒன்றரை. அதற்குப் பிறகும், மார்ச் 1க்குள் தன் அணியால் விடுவிக்கப்பட்ட வீரர் வேறு அணியில் சேர்ந்து பிளேஆஃப் ஆடலாம் என்பதால், பெஞ்சின் கடைசி இடத்தைப் பற்றிய வாதத்துக்கு இன்னும் சில வாரம் இடமிருக்கிறது. கெடு முடிந்ததும் பழைய தாளைக் கிழித்துவிடாமல், புதிதாக வந்தவருக்கு நீங்கள் ஒதுக்கிய நிமிடத்தையும் பயிற்சியாளர் கொடுக்கிற நிமிடத்தையும் ஒவ்வொரு வாரமும் அருகருகே எழுதி வாருங்கள்.