கொழும்புக்குக் கிளம்பும் முன் பையை உதறுங்கள்

கொழும்புக்கு வந்த முதல் மாதம். வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடை ஒன்றில் இடியாப்பத்துக்குக் காத்திருந்தேன். மேசையில் கிடந்த நாளிதழில், யாரோ ஒருவர் ரவைகளுடன் கைது என்கிற மாதிரி ஒரு தலைப்பு. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் ரவை என்றால் உப்புமா கிண்டுவது. பதுக்கல்காரன் போலிருக்கிறது, பாவம், இதற்கெல்லாமா உள்ளே தள்ளுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வரியில் கைத்துப்பாக்கி வந்தபோதுதான் புரிந்தது. இங்கே தோட்டாவுக்கும் ரவை என்றுதான் பெயர்.

அந்தச் சொல்லை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் என்றால் கட்டாயம்.

இதை எழுத வைத்தது டல்லாஸிலிருந்து வந்த ஒரு போன். இரண்டு வருட வேலைக்காக இங்கே வரவிருந்த ஊர்க்காரத் தம்பி. வீடு, பள்ளிக்கூடம், இன்டர்நெட் என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அண்ணே, இங்க வீட்ல ஒரு 9 எம்எம் துப்பாக்கி வச்சிருக்கேன். அங்க லைசென்ஸ் எடுக்க முடியுமா? பாதுகாப்புக்கு ஹாலோ பாயின்ட் கிடைக்குமா, இல்ல சாதா குண்டுதானா?" என்றான். சிரிக்கத் தோன்றவில்லை. நானும் ஹூஸ்டனில் ஐந்து வருடம் இருந்தவன். சனிக்கிழமை காலையில் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய்விட்டு வரும் வழியில் இட்லி மாவு வாங்கிய ஆள். அங்கே இருப்பவனுக்கு அது பொறுப்பான கேள்விதான்.

முதலில் அவன் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். நுனி முழுக்கச் செம்பு உறை போர்த்திய குண்டு பயிற்சிக்கு. விலை குறைவு, துப்பாக்கியில் சிக்காமல் ஓடும். ஆனால் உடம்பில் பட்டால் விரியாமல் மறுபக்கம் வெளியே போய்விடும். போகிற வழியில் யார் நின்றாலும் அவருக்கும் அதே குண்டுதான். ஹாலோ பாயின்ட்டின் நுனியில் ஒரு குழி இருக்கும். ஈரமான சதையில் நுழைந்ததும் அந்தக் குழி அழுத்தத்தால் விரிந்து, குண்டு காளான் மாதிரி அகன்று, உள்ளேயே நின்றுவிடப் பார்க்கும். அமெரிக்காவில் போலீஸ்காரர்கள் பெரும்பாலும் அதை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பார்க்கக் கொடூரமாக இருக்கும் குண்டுதான் பக்கத்தில் நிற்பவனுக்கு ஆபத்து குறைந்தது. கேட்க முரணாக இருக்கும், ஆனால் விஷயம் அப்படித்தான்.

1986 ஏப்ரலில் மயாமியில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் ஆட்கள் இருவர் கொல்லப்பட்ட சண்டைக்குப் பிறகு, அந்த அமைப்பு தோட்டாக்களைச் சோதிக்க ஓர் அளவுகோல் வகுத்தது. சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் சுட்டால் குண்டு 12 முதல் 18 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பயன் இல்லை, கூடினால் மறுபக்கம் போகும் அபாயம். கடையில் பெட்டி வாங்குகிறவர்கள் 115, 124, 147 கிரெயின் என்று எடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். 124 கிரெயின் என்பது சுமார் 8 கிராம். என் அனுபவத்தில், அந்த எடைப் பேச்சைவிட, உங்கள் துப்பாக்கியில் அந்த ரகத்தை ஐம்பது நூறு முறை சுட்டுப் பார்த்து அது சிக்குகிறதா என்று பார்ப்பதுதான் உபயோகம். குழாயில் பொறித்திருக்கும் அளவைப் படிப்பது அதைவிட முக்கியம். 9×19, 9×18, 9×17 (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது உறையின் நீளம், மில்லிமீட்டரில்) மூன்றையுமே ஆட்கள் வாயால் 'நைன்' என்றுதான் சொல்வார்கள். ஒன்று இன்னொன்றுக்கு ஆகாது.

விரியும் குண்டுக்கு நம் பக்கத்துக் கதையும் உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம்மில் இருந்த ஆயுதத் தொழிற்சாலையில் 1890களில் பிரிட்டிஷ்காரர்கள் செய்த குண்டிலிருந்துதான் 'டம்டம் குண்டு' என்ற பேர் வந்தது. இன்றைக்குக் கல்கத்தா விமான நிலையம் இருப்பதும் அதே டம் டம்மில்தான். 1899இல் ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளைத் தடை செய்தது. அது போருக்கான விதி. ஒரு நாட்டுப் போலீஸோ, வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவரோ எதை வைக்கலாம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும். அமெரிக்காவுக்குள்ளேயே நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளியே கொண்டு திரிய முடியாது. மாநில எல்லை தாண்டினாலே விதி மாறும் என்றால், கடல் தாண்டினால்?

சரி, கொழும்புக்கு வருவோம். இலங்கையில் துப்பாக்கிக்கான அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். 1996இல் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அனுமதிப்பத்திரம், அதாவது லைசென்ஸ், இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பயிரைக் காக்க விவசாயிக்குக் கொடுப்பது ஒரு வழி. உயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்பது பாதுகாப்பு அமைச்சு வழி. 'பயமாக இருக்கிறது' என்றால் போதாது, அச்சுறுத்தல் இருப்பதைக் காட்ட வேண்டும். கிடைத்தாலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்காக வழங்கிய துப்பாக்கிகளை எல்லாம் ரவைகளோடு சேர்த்து, வெலிசறைக் கடற்படை வளாகத்தில் உள்ள அரசின் கொள்வனவுப் பிரிவில் ஒப்படைக்கச் சொன்னது அமைச்சு. முறையாக உரிமம் வைத்திருந்தவர்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபரிசீலனைக்குக் காத்திருந்தார்கள். நேற்று வந்து இறங்கிய நீங்களும் நானும் அந்த வரிசையில் எங்கே நிற்போம்? 'எந்தத் தோட்டா' என்ற கேள்வி இங்கே நமக்கு எழுவதே இல்லை. அதைத்தான் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். வெள்ளவத்தையில் நீ எடுக்கப்போகும் ஃபிளாட்டை யோசி. என் வீட்டுப் படுக்கையறைக்கும் பக்கத்து வீட்டு அன்ரியின் குசினிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சிமென்ட் கல் சுவர். ஆறரை மணிக்கு அவர் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நான் சொல்வேன். எனக்கு இருமல் வந்தால் மதியம் ஒரு டம்ளர் மல்லித் தண்ணீர் கதவுக்கு வரும். உள்ளே அறையைப் பிரிப்பதோ ஜிப்சம் பலகை. அதை 9 எம்எம் குண்டு எதுவானாலும் துளைத்துக்கொண்டு போகும், ஹாலோ பாயின்ட்டும்தான். பலகைத் தூள் நுனிக் குழியை அடைத்துவிட்டால் அது விரியாமல் சாதாக் குண்டு மாதிரியே போகும். தோட்டா பார்த்து வாங்கிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. இங்கே பின்னால் இருப்பது அன்ரி.

இப்போது பை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஹூஸ்டனை விட்டுக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு முதுகுப்பையைக் காலி செய்தேன். எல்லாம் எடுத்தாயிற்று என்று மடிக்கும்போது அடியில் ஏதோ கட்டியாக விரலில் தட்டியது. பக்கப் பையின் தையல் ஒரு விரல் அளவுக்குப் பிரிந்திருந்தது. அதன் வழியே உள்துணிக்குள் விழுந்து, அடியில் போய்க் கிடந்தது ஒரு 9 எம்எம் தோட்டா. மூன்று சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை. பித்தளை கொஞ்சம் கறுத்திருந்தது. எந்தச் சனிக்கிழமை விழுந்ததோ. அதோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கியிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அமெரிக்காவில் உள்நாட்டு விமானத்தில், முறைப்படி அறிவித்துப் பூட்டிய பெட்டியில் தோட்டா கொண்டுபோக வழியுண்டு. அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். இங்கே ஒற்றைத் தோட்டாவும் தோட்டாதான். 'மறந்துவிட்டேன்' என்பது உண்மையாகவே இருக்கலாம், அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். வழியில் சென்னையில் இறங்கினாலும் ஆயுதச் சட்டம் இருக்கிறது. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவர வேண்டாம், நண்பருக்குக் கொடுத்துவிட்டுப் புதுப் பை வாங்குங்கள். சுட்ட பித்தளை உறை, தோட்டா வடிவச் சாவிக்கொத்து, பையன் ஆசையாக வைத்திருக்கும் நிஜம் போன்ற பொம்மைத் துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கி எதுவும் வேண்டாம். எக்ஸ்ரே திரையில் தெரிவது நிழல்தான். அது நினைவுப்பொருள் என்று நிழல் சொல்லாது.

அப்புறம், இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. நாம் தமிழர்கள். 2009 மே வரை நடந்த போரை இந்த நகரம் மறக்கவில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் ஆட்கள் வாயில் அடிபடுகிற பேர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு சோதனைகள் இன்னும் கூடின. ஒரு தமிழ்ப் பெயர் உள்ள கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரவை கிடந்தால் கேள்விகள் எங்கே போகும் என்பதை இங்குள்ள யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்குள்ள நம் நண்பர்கள் இதைப் பற்றி விளையாட்டுக்குக்கூடப் பேசமாட்டார்கள். ரேஞ்சில் எடுத்த படங்களை ஆபிஸில் காட்டிப் பெருமை அடிக்க வேண்டாம். நான் ஒருமுறை காட்டினேன். மேசையில் இருந்த நாலு பேரும் தேநீரைப் பார்த்தார்கள்.

அப்படியானால் பாதுகாப்புக்கு என்ன செய்வது? தற்பாதுகாப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள். இந்தியச் சட்டத்தைத் தழுவியது, ஊரில் படித்தவர்களுக்குப் பழகிய வாசகம்தான். தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, அதிகாரிகளிடம் போக நேரம் இருந்தால் போக வேண்டும்.

119 பொலிஸ். 1990 இலவச ஆம்புலன்ஸ். 110 தீயணைப்பு. பெண்களுக்கு 1938. நான்கையும் போனில் பதிவு செய்ததோடு நில்லாமல் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். திருட்டு நடந்தால் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள் (புகாருக்கு இங்கே அதுதான் சொல்). தமிழில் கொடுக்க உரிமை உண்டு. ஆனால் எழுதுகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் அவசரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நகைதான் கவலை என்றால் வங்கி லாக்கர். செட்டியார் தெருவுக்குப் போய்ப் பவுன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது சின்னச் சின்ன வேலைதான். கீழே இருக்கும் காவலாளி ஐயாவின் பேரைத் தெரிந்துகொண்டு, வருகிறவர்களை அவர் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வீடு மாறியதும் பூட்டை மாற்றுங்கள், பழைய குடித்தனக்காரரிடம் சாவி இருக்கும். பல ஃபிளாட்களில் வாசலுக்கு இரும்புக் கிரில் கதவும் உண்டு. இரவில் அதைப் பூட்டிவிட்டுச் சாவியை அலமாரிக்குள் வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. தீப்பிடித்தால் திறக்க வேண்டியது அதைத்தான். தம்பி வந்த அன்று அவன் வீட்டில் நான் அடித்துக் கொடுத்த முதல் ஆணி அந்தச் சாவிக்கு. கதவிலிருந்து இரண்டு அடி தள்ளி, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில்.