கரண்ட் இல்லாத மாடிக் கொட்டகை: முதலில் கூரை, அப்புறம் பேனல்

மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு சின்னக் கொட்டகையும் இருக்கும். நார்க்கழிவு மூட்டை, வேப்பம் புண்ணாக்கு, மண்கரண்டி, விதை டப்பா எல்லாம் அதற்குள்தான். கரண்ட் மட்டும் இருக்காது. சென்னை பெரம்பூரில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. மாடிக்கு லைன் இழுக்க ஓனர் சம்மதிக்கவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் விட்டு எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் தளத்தில் 230 வோல்ட் ஒயர் ஓடுவதை நானும் விரும்ப மாட்டேன். வேன், ஆட்டோ ஒயரிங் பார்த்தே பிழைத்தவன் நான். 12 வோல்ட் என் கைக்குப் பழகியது. அதை வைத்தே பத்துக்கு எட்டு அடித் தகரக் கொட்டகைக்கு வெளிச்சமும் காற்றும் கொண்டுவந்தேன்.

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட் சோலார் பேனல் வாங்கணும்?" என்றுதான். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், கூரையைக் கவனியுங்கள் என்பேன். நம் ஊருக்குச் சூடு ஏற்றும் வேலை இல்லை, இறக்கும் வேலைதான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த அளவு வேண்டாம், சாதாரணக் கத்திரி வெயிலிலேயே தகரம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்குக் கீழே எவ்வளவு பெரிய ஃபேனை மாட்டினாலும் அனல்காற்றைத்தான் முகத்தில் அடிக்கும். கூரை ஆறினால் சின்ன ஃபேன் போதும். சின்ன ஃபேன் என்றால் சின்ன பேட்டரி, சின்ன பேனல்.

சிமென்ட் ஷீட் என்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். மலிவு, வருஷத்துக்கு ஒருமுறை பங்குனியில் அடித்தால் சரி. தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, ஒரு மழைக்கே உரிந்துவிடும். தகரத்தைத் தேய்த்துக் கழுவி, பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் கொடுங்கள். அதைவிடப் பெரிய பலன் தருவது கூரைக்கு மேலே இன்னொரு நிழல். ஷீட்டிலிருந்து ஒரு அடி உயரத்தில் நிழல்வலையை இழுத்துக் கட்டுங்கள். இடைவெளி முக்கியம், வலை ஷீட்டில் படுத்துக் கிடந்தால் அதன் சூடு நேரே ஷீட்டுக்கு இறங்கும். எங்கள் கொட்டகையில் வலைக்குப் பதில் கம்பிப் பந்தல் போட்டுக் கோவைக்கொடியை ஏற்றியிருக்கிறார் வீட்டம்மா. கோடையிலும் இலை நிற்கும், காயும் கிடைக்கும். கீற்று வேய்வதாக இருந்தால் அந்தப் பக்கம் மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் போகக் கூடாது. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் போனதை நம்மால் மறக்க முடியாது.

அடுத்தது காற்றுக்கு வழி. சென்னையில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். வெயில் நாட்களில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் எடுக்கும். அந்தப் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு திறப்பு விடுங்கள். எதிர்ப்பக்கம், கூரை முட்டும் இடத்தில், நீளவாக்கில் ஒரு சாண் சந்து. கீழே நுழையும் காற்று, மேலே தேங்கிய அனலைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டுக்கும் கம்பிவலை அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விதை எலிக்குத்தான்.

பகல் வெளிச்சத்துக்குக் கரண்டைச் செலவழிக்கவே வேண்டாம். கூரையின் வடக்குச் சரிவில் ஒரு ஷீட்டைக் கழற்றிவிட்டு வெளிச்சம் விடும் ஃபைபர் ஷீட் போடுங்கள். அதற்கும் காசு இடிக்கிறதென்றால் பாட்டில் பல்பு இருக்கிறது. பிரேசிலில் அல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002 வாக்கில் கண்டுபிடித்தது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி பிளீச் ஊற்றி, பாதி வெளியே பாதி உள்ளே இருக்கும்படி கூரையில் செருகவேண்டும். வெயில் நேரத்தில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும். ஓட்டையைச் சுற்றி சிலிக்கான் வைத்து அடைப்பதில்தான் வேலையே. அவசரப்பட்டால் ஐப்பசியில் உள்ளே ஒழுகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு கணக்குப் போடுங்கள். என் கொட்டகையில் பேட்டரியில் நேரே ஓடும் 15 வாட் டிசி டேபிள் ஃபேன் ஆறு மணி நேரம் ஓடினால் 90 வாட்-அவர். 7 வாட், 5 வாட் எல்இடி பல்பு இரண்டும் நாலு மணி நேரத்துக்கு 48. போன் சார்ஜுக்குக் கொஞ்சம். ஆக ஒரு நாளைக்கு 150 வாட்-அவர். 100 வாட் பேனல் ஒன்று, எல்லாச் சேதாரமும் போக, வெயில் நாளில் 250-க்கு மேல் கொடுக்கும். அடைமழை நாளில் அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது. 12.8 வோல்ட், 20 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரியில் 256 வாட்-அவர் நிற்கும், அதில் 80 சதவீதம் எடுக்கலாம். லெட் ஆசிட் என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால் 40 ஏஎச் வேண்டும். டிஸ்டில்டு வாட்டரும் பார்த்து ஊற்றவேண்டும். கையில் காசு இருந்தால் லித்தியம் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பேனலிலிருந்து வருவதை பேட்டரிக்கு அளவாக ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலர் 10 ஆம்பியர் போதும். ஆனால் அதில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பேனல், கன்ட்ரோலர், டிசி பல்பு எல்லாம் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். ஃபியூஸ் ஹோல்டர், ஒயர் முனையில் மாட்டும் லக், சூடு பட்டால் சுருங்கி மூடும் ஸ்லீவ் போன்றவற்றை நான் புதுப்பேட்டையில் வாங்குவேன், வண்டிக்குப் போடும் அதே சாமான்தான்.

பேனலைத் தெற்கு பார்த்து 13 டிகிரி சாய்வில் வையுங்கள். சென்னையின் அட்சரேகை அதுதான். அந்தச் சாய்வில் மழைத்தண்ணீரும் தேங்காது. தகரத்தோடு ஒட்டிப் படுக்கவைக்காதீர்கள். பேனல் சூடாக ஆக வரவு குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம். அடியில் அரை அடி காற்றோட்டம் இருக்கட்டும். தண்ணீர் டேங்கின் நிழல் விழுகிறதா என்று காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே வரவு பெருமளவு படுத்துவிடும்.

ஒயரில் கஞ்சத்தனம் கூடாது. 60 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் ஓடும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும். மெல்லிய ஒயரில் போகிற வழியிலேயே வோல்ட் விழுந்து, ஃபேன் மந்தமாகச் சுற்றும். பேனலிலிருந்து வருவதற்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), உள்ளே பல்புக்கும் ஃபேனுக்கும் 1.5 ஸ்கொயர் போடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் ஷார்ட் ஆனால் ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். வண்டிகளில் அதை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

ஜாயின்ட் போடும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், நம் ஊர் உப்புக்காற்றில் எல்லாம் கெடுவது அங்கேதான். ஒயரின் தோலை லக்கின் குழாய் நீளத்துக்கு மட்டும் உரியுங்கள். செம்பு இழை ஒன்றுகூட வெட்டுப்படக் கூடாது. செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டித் தள்ளுங்கள். ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். இழைகளை லேசாக முறுக்கி லக்குக்குள் முழுதாக நுழைத்து, கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். பிறகு ஒயரைப் பிடித்து நன்றாக இழுங்கள். அசைந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் போடுங்கள். கடைசியில் ஸ்லீவை ஏற்றிச் சூடு காட்டுங்கள், முனையில் கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டவேண்டும், பிறகுதான் பேனல். கழற்றும்போது பேனல் முதலில். 12 வோல்ட் பேனல் என்று பேர். வெயிலில் சும்மா நிற்கும்போது 21, 22 வோல்ட் காட்டும். பேட்டரி இல்லாமல் அது நேரே உள்ளே போனால் கன்ட்ரோலர் போய்விடலாம். பேட்டரியைத் தரையில் பலகை போட்டு, நிழல் பக்கச் சுவர் ஓரம் வையுங்கள். கூரைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு அடித்து ஏற்றினால் அனலிலேயே அதன் ஆயுள் போய்விடும்.

பல்பு மஞ்சள் வெளிச்சமாக இருக்கட்டும். வெள்ளை போட்டால் முதல் மழை நின்ற மாலையில் ஈசல் மொய்த்துவிடும். ஃபேன் சீலிங்கில் வேண்டாம், ஏழடி உயரக் கொட்டகையில் கையைத் தூக்கினால் இறக்கை அடிக்கும்.

மார்கழிக் குளிருக்கு என்ன செய்வது என்று கேட்டால், சென்னையில் ஒரு ஸ்வெட்டர் போதும். இந்த பேட்டரியில் ஹீட்டர் மாட்டினால் 100 வாட் சாமானே இரண்டு மணி நேரத்தில் காலி செய்துவிடும். கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தவே சாத்தாதீர்கள், கொசுவுக்குப் புகை போடுகிறேன் என்றாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மழைக்கால ஈரத்துக்குப் பயந்தால் விதையை நன்றாகக் காயவைத்து இறுக்கமான டப்பாவில் மூடுங்கள்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஊரெங்கும் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்குப் பேனல் ஸ்டாண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிஐ ஆங்கிளில் போல்ட்டும் லாக் நட்டும் போட்டு இறுக்குங்கள், கட்டுக்கம்பி வேண்டாம். ஒயரில் சோலார் பேனலுக்கென்றே வரும் எம்சி4 கனெக்டர் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் கனெக்டரைப் பிரித்து, நாலு போல்ட்டைக் கழற்றி, பேனலைக் கீழே வீட்டுக்குள் கொண்டுபோய்விடலாம். ஒரு ஆளே தூக்கும் கனம்தான். காக்கை எச்சத்தையும் தூசியையும் விடிகாலையில் துடையுங்கள், சுடும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போகி முடிந்த மறுநாள் பேனல் முழுக்கக் கரி படிந்திருக்கும், அன்றைக்குத் துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டியிருக்கும்.